ஃபிளை கட்டப் பழக: கிட் வாங்குவதா, பிரித்து வாங்குவதா?

கனடாவில் தெற்கு ஒன்டாரியோவின் பெரும்பாலான ஆறுகளில் பிரவுன் டிரவுட் மீன் பிடிக்கும் சீசன் செப்டம்பர் 30 அன்று முடிந்துவிடும். அப்புறம் ஏப்ரல் மாத நான்காவது சனிக்கிழமைதான். இடையில் வரும் பனி மாதங்களில் ஃபிளை ராட் (தூண்டில் கோல்) சுவரோரம் சாய்ந்தே கிடக்கும். "ஃபிளை என்ற போலி இரையை நாமே கட்டினால் என்ன?" என்ற எண்ணம் பலருக்கும் அந்த நாட்களில்தான் வருகிறது. வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, கருவியும் பொருளும் ஒன்றாக வரும் பெட்டியைப் பற்றியது: "எந்த கிட் வாங்கலாம்?"

கேள்வி சரிதான், கேட்கும் நேரம்தான் முந்திவிட்டது. எந்த மீனைப் பிடிக்கப் போகிறோம் என்று முடிவானால் எந்த ஃபிளை என்பது தெரியும். ஃபிளை தெரிந்தால் தூண்டில் முள்ளின் அளவு தெரியும். முள் தெரிந்தால்தான் எந்த வைஸ் (முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவி) போதும், எந்த நூல் வேண்டும் என்று சொல்ல முடியும். கடையில் நமக்குக் காட்டும் வரிசை இதற்கு நேர் எதிர்: முதலில் வைஸ், அப்புறம் கருவிகள், அப்புறம் கலர் கலராக இறகுப் பாக்கெட்டுகள். மீன் கடைசியில் வரும், வராமலும் போகும்.

இதற்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ஃபிளை என்பது தூண்டில் முள்ளின் மேல் நூலால் இறகு, முடி, கம்பி ஆகியவற்றைக் கட்டிச் செய்யும் போலி இரை. சிலது தண்ணீரில் மிதக்கும் பூச்சியைப் போல இருக்கும், சிலது அடியில் ஊரும் புழுவை, சிலது குட்டி மீனை. பெரும்பாலானவற்றுக்கு எடையே கிடையாது. அதனால்தான் சாதாரண ராடால் அதை எறிய முடியாது. ஃபிளை ராடில் கனமாக இருப்பது லைன் என்கிற தூண்டில் நூல், அதுதான் ஃபிளையைத் தூக்கிக்கொண்டு போகிறது.

காசு மிச்சமாகுமா?

ஆகாது. கடையில் ஒரு சாதாரண ஃபிளை இரண்டிலிருந்து நான்கு டாலருக்குள் கிடைக்கிறது. கென்யா, தாய்லாந்து, இலங்கை போன்ற நாடுகளில் கைதேர்ந்த தொழிலாளர்கள் கட்டி ஏற்றுமதியாகி வருபவை அவற்றில் நிறைய. வைஸ், கத்திரி, நூல், இறகு என்று 200 டாலர் செலவழித்தால், அந்தப் பணத்துக்கு ஐம்பதுக்குக் குறையாத ஃபிளைகளை வாங்கியே விடலாம். அத்தோடு செலவு நிற்குமா என்றால், நிற்காது. "இந்த ஆலிவ் நிறம் கொஞ்சம் வெளிறி இருக்கிறது, அடர்ந்த ஆலிவ் ஒன்று இருக்கட்டும்" என்று பாக்கெட்டுகள் சேர்ந்துகொண்டே போகும்.

வருடத்தில் நான்கைந்து தடவை மட்டும் ஆற்றுக்குப் போகிறவர் கடையில் வாங்குவதே மேல். அடிக்கடி போகிறவருக்கு வேறு லாபங்கள் உண்டு. கடையில் இல்லாத அளவில், கூடுதல் எடையில், தன் ஆற்றுக்கு ஏற்ற நிறத்தில் கட்டிக்கொள்ளலாம். முக்கியமாக, மூழ்கிக் கிடக்கும் மரத்துக்கு அடியில் துணிந்து எறியலாம். நான்கு டாலர் ஃபிளை என்றால் அந்த இடத்தில் கை தயங்கும். பெரிய மீன் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முதல் ஃபிளை எது?

இந்தக் கட்டுரையில் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். பிடிக்கும் மீனைப் பொறுத்து நான்கு பேரைப் பந்தயத்தில் நிறுத்துகிறேன்: வூலி பக்கர், ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், கிளவுசர் மின்னோ, ஆடம்ஸ்.

வூலி பக்கரை 1967இல் பென்சில்வேனியாவின் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் உருவாக்கினார். வால் மராபூ என்ற பஞ்சு போன்ற வான்கோழி இறகு, உடல் ஷெனில் என்ற பஞ்சுக் கயிறு, அதன் மேல் ஹேக்கிள் என்ற கோழிக் கழுத்து இறகை முள்ளின் நீளத்துக்குச் சுருளாகச் சுற்றுவது. அவ்வளவுதான். தண்ணீரில் இழுத்தால் அட்டை, குட்டி மீன், நண்டுக்குஞ்சு என்று மீன் எதை நினைக்கிறதோ அதுவாகத் தெரியும். டிரவுட்டும் எடுக்கும், பாஸும் எடுக்கும், 12 எண் முள்ளில் (எண் கூடக்கூட முள்ளின் அளவு குறையும்) சிறிதாகக் கட்டினால் குளத்து சன்ஃபிஷ்ஷும் எடுக்கும்.

கற்றுக்கொள்பவருக்கு இது தரும் உண்மையான லாபம், தப்பைப் பொறுத்துக்கொள்ளும் குணம். முள் பெரியது, 8 அல்லது 10. விரலுக்கு இடம் இருக்கிறது. வால் கொஞ்சம் நீண்டாலும் உடல் கொஞ்சம் குண்டானாலும் மீன் கண்டுகொள்ளாது. அதே சமயம் ஃபிளை கட்டுவதன் அடிப்படை வேலைகள் பெரும்பாலும் இதில் வந்துவிடுகின்றன. முள்ளின் தண்டில் நூலால் அடித்தளம் போடுவது, மென்மையான இறகை நகராமல் கட்டுவது, உடலைச் சீராகச் சுற்றுவது, ஹேக்கிள் சுற்றுவது, தலையை முடிச்சிட்டு முடிப்பது.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். மராபூவை அப்படியே கையில் எடுத்தால் நாலா பக்கமும் பறக்கும். விரலை நனைத்து ஒரு தடவு தடவினால் குச்சி போல ஒட்டிக்கொள்ளும், அளவும் சரியாகத் தெரியும். வாலின் நீளம் முள் தண்டின் நீளம் அளவு இருந்தால் போதும். கட்டும் இடத்தில் இறகை இரு விரலால் பிடித்து, நூலை அந்த விரல்களுக்கு நடுவே தளர்வாக ஒரு சுற்று கொண்டுவந்து, அப்புறம் நேர் கீழே இழுக்க வேண்டும். தளர்வான சுற்று இல்லாமல் நேரடியாக இறுக்கினால் இறகு முள்ளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். மல்லிகை கட்டுகிறவர்கள் நாரை இழுக்கும் இழுப்பு இருக்கிறதே, காம்பு அறாது, பூவும் நழுவாது, அந்த இழுப்புதான் இங்கேயும் வேண்டும்.

ஷெனிலின் நுனியை நகத்தால் சுரண்டினால் பஞ்சு உதிர்ந்து உள்ளே இருக்கும் நூல் மட்டும் தெரியும். அந்த நூலைக் கட்டினால் முடிச்சு பருக்காது. ஹேக்கிளைச் சுற்றி முடித்த பிறகு மெல்லிய செப்புக் கம்பியை எதிர்த் திசையில் அதன் மேல் நான்கைந்து சுற்று கொண்டுபோனால், மீன் பல் பட்டாலும் இறகு அவிழாது. இதைத் தவிர்த்துவிட்டுக் கட்டும் பக்கர் மூன்றாவது மீனுக்குள் மொட்டையாகிவிடும்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் முள்ளின் காது. முன்பக்கம் வரவர இடம் குறைந்து, கடைசியில் தலை கட்ட இடமில்லாமல் காதின் மேலேயே நூல் ஏறிவிடும். ஆற்றங்கரையில் லைனைக் கோக்க ஓட்டை இருக்காது. காதின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இடத்தைத் தொடக்கத்திலேயே காலியாக ஒதுக்கி, அங்கே எதையும் கட்டாமல் விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபெசன்ட் டெயில் நிம்ஃபின் கதை வேறு. நிம்ஃப் என்றால் தண்ணீருக்கடியில் வாழும் இளம்பூச்சியின் போலி. இங்கிலாந்தில் வில்ட்ஷயரின் ஏவன் ஆற்றைப் பராமரித்துவந்த ஃபிராங்க் சாயரின் படைப்பு அது. ஃபெசன்ட் கோழியின் வால் இறகிலிருந்து நான்கைந்து இழைகள், தலைமுடி போன்ற செப்புக் கம்பி, இரண்டே பொருள். சாயர் நூலே பயன்படுத்தவில்லை. கம்பிதான் நூல், கம்பிதான் எடை, கம்பிதான் பளபளப்பு. பொருள் பட்டியலைப் பார்த்தால் இதைவிட மலிவான தொடக்கம் இல்லை என்று தோன்றும். செலவில் உண்மைதான். ஆனால் முள் 14, 16 என்று சிறிதாகிவிடும். (1க்கு மேல் பெரிய முட்களுக்கு 1/0, 2/0 என்று போகும்.) இழைகள் பட்டென்று அறும், கம்பி முறுக்கேறி உடையும். டிரவுட் ஒன்றே குறி என்பவர் இதை இரண்டாவது ஃபிளையாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்டாரியோவின் ஃபெர்கஸ் ஊர்ப் பக்கம் கிராண்ட் ஆற்றில் பிரவுன் டிரவுட் தேடுகிறவருக்கு இது இல்லாமல் முடியாது, கட்டாயம் வந்துதான் ஆக வேண்டும்.

சிம்கோ ஏரியில் ஸ்மால்மவுத் பாஸ் பிடிப்பதுதான் ஆசை என்றால் கிளவுசர் மின்னோ. பாப் கிளவுசர் என்பவர் பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா ஆற்று ஸ்மால்மவுத்துக்காகக் கட்டியது. மான் வால் முடியும், டம்பெல் போன்ற உலோகக் கண்ணும் இதன் உயிர். கண்ணைத் தண்டின் மேற்பக்கம் கட்டுவதால், தண்ணீரில் ஃபிளை புரண்டு முள் முனை மேலே பார்க்கும். பாறை இடுக்கில் அதிகம் மாட்டாது. கட்டுவது சுலபம், ஒரே ஒரு சிக்கல்தான். அந்தக் கண்ணைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி அசையாமல் நிறுத்த நூலை நன்றாக இறுக்க வேண்டும், அதற்கு வைஸ் முள்ளை விடாமல் பிடித்திருக்க வேண்டும். மலிவு வைஸ் பல்லிளிக்கும் முதல் இடம் இதுதான்.

ஆடம்ஸ் 1922இல் மிச்சிகனில் லென் ஹல்லடே கட்டிய மிதக்கும் ஃபிளை. பார்க்க அழகு, பெயரும் பெரியது, கிட் பெட்டிகளின் படத்தில் இருப்பதும் பெரும்பாலும் இது போன்ற ஒன்றுதான். முதல் மாதத்தில் இதைத் தொட வேண்டாம் என்பேன். இரண்டு நிற ஹேக்கிளைச் சேர்த்துச் சுற்ற வேண்டும், நிமிர்ந்த இறக்கைகளைப் பிரித்து நிறுத்த வேண்டும், எல்லாமே சிறிய முள்ளில். போதாததற்கு, ஃபிளை மிதக்க வேண்டுமென்றால் அதற்கென்றே வளர்த்த சேவலின் விறைப்பான இறகு வேண்டும். கொலராடோவின் வைட்டிங் ஃபார்ம்ஸ் போன்ற பண்ணைகள் பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்த்த சேவல்கள் அவை. ஒரு முழுக் கழுத்துத் தோல் நூறு டாலரைத் தாண்டும். 2011இல் அமெரிக்காவில் பெண்கள் தலைமுடியில் இந்த நீள இறகுகளைச் செருகிக்கொள்ளும் ஃபேஷன் வந்து, அழகு நிலையங்கள் அள்ளிக்கொண்டு போனதில் ஃபிளை கட்டுகிறவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

என்னைக் கேட்டால், மீன் எதுவானாலும் முதலில் வூலி பக்கர். ஒரே நிறத்தில், ஒரே அளவில், ஒன்று போல ஒன்று வரும்வரை கட்டுங்கள். கறுப்பு போதும். பத்து விதமான ஃபிளையில் வகைக்கு ஒன்று கட்டிப் பார்ப்பவருக்குப் பத்தும் கோணலாகவே வரும்.

கிட்டா, தனித்தனியா?

இப்போது கிட் கேள்விக்கு வரலாம். கிட்டத்தட்ட 60 முதல் 120 டாலருக்குள் விற்கும் பெட்டிகளில் ஒரு வைஸ், பாபின் (நூல் கண்டைப் பிடிக்கும் கருவி), கத்திரி, விப் ஃபினிஷர் (தலை முடிச்சுப் போடும் கருவி), கூடவே இறகு, முடி, முள் எல்லாம் இருக்கும். வசதி என்னவென்றால், ஒரே தடவையில் வேலை முடிகிறது. பரிசாகக் கொடுக்கவும் ஏற்றது.

பிரச்சினை பெட்டிக்குள் இருக்கிறது. எல்லா ஃபிளைக்கும் கொஞ்சம் கொஞ்சம் பொருள் போட்டிருப்பார்கள், எந்த ஃபிளைக்கும் முழுதாக இருக்காது. சிவப்புச் சாயம் போட்ட கினிக்கோழி இறகு இருக்கும், அதை எதற்குப் பயன்படுத்துவது என்று கடைசிவரை தெரியாது. மராபூ ஒரு சிட்டிகை. முட்கள் எண் போடாமல் ஒரே கவரில் கலந்து கிடக்கும். ஹேக்கிள் குட்டையாகவும் தடித்த தண்டோடும் இருக்கும், சுற்றினால் முறுக்கிக்கொள்ளும். புதிதாகக் கற்பவர் அது தன் கைக்குற்றம் என்று நினைத்து விட்டுவிடுகிறார். பாதிப் பேர் பெட்டியை மூடி வைப்பது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. சில கடைகளில் ஒரே ஒரு ஃபிளைக்கான பொருட்களை மட்டும் பாக்கெட்டாக விற்கிறார்கள். வூலி பக்கர் பாக்கெட் என்றால் சரியான முள், மராபூ, ஷெனில், ஹேக்கிள், கம்பி எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவில் இருக்கும். கருவிகளைத் தனியாக வாங்கி, பொருளை இப்படி வாங்குவதுதான் நான் சொல்வது. இப்படிப் பாக்கெட் கிடைக்காத ஊரில் பட்டியல் எழுதிக்கொண்டு போனாலும் ஆறேழு பொருள்தான்.

நூலைப் பற்றி ஒரு சொல். 70, 140, 210 என்று டெனியர் கணக்கில் விற்பார்கள். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண், துணித் தொழிலில் பழகியவர்களுக்குத் தெரிந்த கணக்கே. பக்கருக்கும் கிளவுசருக்கும் 140. மெல்லிய 70ஐ இப்போதே வாங்கினால் இறுக்கும்போதெல்லாம் அறுந்து பொறுமையைச் சோதிக்கும். நிம்ஃபுக்கு வரும்போது அதை வாங்கிக்கொள்ளலாம்.

கத்திரியில் கஞ்சத்தனம் வேண்டாம். நுனிவரை வெட்டும் கத்திரி ஒன்று, கம்பி வெட்ட வீட்டிலிருக்கும் பழைய கத்திரி ஒன்று. ஹெட் சிமென்ட் என்று தனியாக வாங்காமல் நிறமில்லாத நெயில் பாலிஷ் வைத்தாலே தலை முடிச்சு உறுதியாகிவிடும். பாபின் குழாயின் விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். பீங்கான் குழாய் வைத்தது சில டாலர் கூடுதல், கொடுக்கலாம்.

வைஸ்: மூன்று வகை

முதல் வகை, பின்னால் இருக்கும் நெம்புகோலை அழுத்தினால் தாடை முள்ளைக் கவ்வும் சாதாரண வைஸ். அமெரிக்காவில் பல காலம் புகழ்பெற்றிருந்த தாம்சன் மாடல் ஏ வைஸின் வடிவத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை. மலிவுப் பதிப்புகள் நிறைய இந்தியாவிலிருந்தே வருகின்றன. 8, 10 எண் முள்ளைப் பிடிப்பதில் பெரும்பாலும் குறை இருக்காது. மிகச் சிறிய முள்ளும் மிகப் பெரிய முள்ளும் வரும்போது நழுவும், சிலவற்றில் தாடையே தேய்ந்துவிடும்.

இரண்டாவது, சுழலும் வைஸ். புளோரிடாவின் ரென்செட்டி டிராவலர், கொலராடோவின் பீக் ஆகியவை இந்த வகை. முள்ளின் தண்டு சுழலும் அச்சிலேயே அமைவதால், கைப்பிடியைச் சுற்றினால் முள் இருந்த இடத்திலேயே உருளும். ஷெனிலையும் ஹேக்கிளையும் நாம் சுற்றாமல் முள்ளைச் சுற்றவைத்தே ஏற்றலாம், பின்பக்கம் எப்படி வந்திருக்கிறது என்றும் பார்க்கலாம். 200 அமெரிக்க டாலரை ஒட்டியோ தாண்டியோ போகும்.

மூன்றாவது, மாசசூசெட்ஸின் ரீகல் போன்றவை. கைப்பிடியை அழுத்தினால் தாடை திறக்கும், விட்டால் ஸ்பிரிங் தானே கவ்வும். முள்ளின் அளவுக்கேற்பத் திருகைச் சரிசெய்யும் வேலையே இல்லை. பிடி இரும்புப் பிடி. கிளவுசர், பைக் மீனுக்கான பெரிய ஃபிளைகள் கட்டுகிறவர்களுக்கு ஏற்றது.

டிரவுட்டா பாஸா என்று இன்னும் முடிவாகாதவர், முதல் குளிர்காலத்துக்கு 50 டாலருக்குள் ஒரு சாதாரண வைஸ் போதும் என்று இருந்துவிடலாம். வாங்கும்போது ஒரு சோதனை: 10 எண் முள்ளை மாட்டி, காதுப் பக்கத்தை நகத்தால் கீழே அழுத்தி விடுங்கள். முள் வளைந்து துள்ளித் திரும்பினால் பிடி நன்றாக இருக்கிறது. சரிந்து கீழே போனால் வேண்டாம். பாஸ்தான் என்று உறுதியாகத் தெரிந்தவர் நடுவில் நிற்காமல் நேரே இரண்டாவது அல்லது மூன்றாவது வகைக்குப் போவதே சிக்கனம். மேசையில் திருகி மாட்டுவதா, கனமான அடித்தகடு வைத்ததா என்பது உங்கள் மேசையைப் பொறுத்தது. சாப்பாட்டு மேசையில் கட்டப்போகிறவர் அடித்தகடு வாங்கினால் வீட்டில் சண்டை குறையும்.

முள்ளை மாட்டும் முன் இன்னொன்று. கிராண்ட் ஆற்றின் சில பகுதிகளில் கொக்கி இல்லாத ஒற்றை முள்தான் அனுமதி. முனைக்கு உள்ளே இருக்கும் அந்தச் சின்னக் கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டுக் கட்டத் தொடங்குங்கள். நசுக்கும்போது முள் உடைந்தால் முள்ளோடு போகும். கட்டி முடித்த பிறகு உடைந்தால் அரை மணி நேர வேலையும் சேர்ந்து போகும்.

ஊரிலிருந்து இறகு கொண்டுவரலாமா?

இதை நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள், ஏனென்றால் மயிலிறகின் பச்சை இழை பல ஃபிளைகளின் உடலுக்குத் தேவை. தமிழ்நாட்டில் வயல் வரப்பில் உதிர்ந்து கிடக்கும் பொருள்தானே என்று தோன்றும். இந்தியாவிலிருந்து மயிலிறகு ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது, பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். இங்கேயே கைவினைக் கடைகளில் ஓரிரு டாலருக்குக் கிடைக்கும்.

இன்னும் பெரிய கதை காட்டுக்கோழியுடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்தில், மெழுகுப் பொட்டு வைத்தது போன்ற இறகுகள் இருக்கும். பழைய பிரிட்டிஷ் சால்மன் ஃபிளைகளில் அந்த இறகுக்கு இருந்த மவுசில், அந்தக் காலத்தில் தோல் தோலாகக் கப்பலேறியது. இந்தியா அதைத் தடைசெய்த பிறகு, வெளிநாட்டில் வளர்க்கும் பறவைகளிலிருந்துதான் சட்டப்படி கிடைக்கிறது, விலையும் அதற்கேற்ப. அந்த அலங்கார ஃபிளைகளின் மோகம் எதுவரை போகும் என்பதற்கு 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் நடந்த திருட்டு சாட்சி. ஓர் இளைஞர் ஜன்னல் வழியே புகுந்து 299 பறவைத் தோல்களை எடுத்துச் சென்றார், இறகுக்காக. நீங்கள் பக்கர் கட்டப்போகிறவர், உங்களுக்குப் பண்ணை வான்கோழி மராபூவும் பண்ணைச் சேவல் இறகும் போதும். பூங்காவில் கிடக்கும் காட்டுப் பறவை இறகையும் எடுக்காதீர்கள். வலசைப் பறவைகளின் இறகை வைத்திருப்பதே கனடாவிலும் அமெரிக்காவிலும் சட்டப்படி குற்றமாகலாம்.

யாரிடம் கற்பது?

யூடியூபில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் டேவி மெக்ஃபேல், நியூ ஜெர்சியின் டிம் ஃபிளாக்லர் இருவருடைய வீடியோக்களிலும் கை நெருக்கத்தில் தெரியும். நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், இரவு பதினொரு மணிக்கும் பார்க்கலாம். வீடியோவில் கிடைக்காதது ஒன்றே ஒன்று, நூல் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் நம் பாபினைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதற்காகவே, குளிர்காலத்தில் ஃபிளை கடைகளும் மீன்பிடிச் சங்கங்களும் நடத்தும் மாலை வகுப்பு ஒன்றுக்குப் போய்வாருங்கள். தொடக்க வகுப்புகள் பலவற்றில் வைஸும் கருவிகளும் அவர்களே கொடுப்பார்கள், சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கிறார்கள் என்றால் எதையும் வாங்காமல் கையை வீசிக்கொண்டு போகலாம். ஒரே மேசையில் நாலைந்து விதமான வைஸ் இருக்கும். இடைவேளையில் பக்கத்து ஆளிடம் கேட்டு அவருடையதில் ஒரு முள்ளை மாட்டிப் பாருங்கள், யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். சங்கத்தில் வயதான உறுப்பினர்கள் வைஸ் மாற்றும்போது பழையதைப் பாதி விலைக்குக் கொடுப்பதும் உண்டு. அப்படிக் கிடைத்தால் மேலே நான் எழுதிய விலைக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டு அதை வாங்கிவிடுங்கள்.